வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் இவ்வாண்டும் ஒழுங்காக நடந்தன. சரஸ்வதி பூசை வழமைபோல் நிறைவேறியது. நூல் அலுமாரிக்குக் கறையான் மருந்து அடிக்கப்பட்டது.

இனி, பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கையில் சட்டம் இயற்றிய பழைய சட்டநிரூபண சபையின் தமிழ் உறுப்பினர்கள் எவ்வாறு நியமிக்கப்பட்டார்கள் என்ற எமது தொடர். வாக்குரிமையே இல்லாத காலத்தைப் பற்றி இத்தனை கூட்டம் தேவைதானா என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்தது. அதற்கு விவரமாகப் பதில் சொல்வது என் கடமை.

பிரித்தானிய அரசு அனுப்பிய விசாரணை ஆணையாளர் கோல்புறூக்கின் சிபாரிசின்படி 1833 இல் அமைந்த சபையில் அரசாங்க உத்தியோகத்தர் 9 பேர், அரச பதவி வகிக்காத உத்தியோகப்பற்றற்றோர் 6 பேர். அந்த 6 ஆசனங்களில் 3 ஐரோப்பியருக்குப் போயின. சிங்களவருக்கும் தமிழருக்கும் ஐரோப்பிய வழித்தோன்றல்களான பறங்கியருக்கும் ஆளுக்கொன்று. தீவில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் ஒரே குரல். அது யாருடையது என்பதும் தேசாதிபதியின், அதாவது பிரித்தானிய ஆளுநரின், கையில்.

மண்டபச் சுவரில் நான் எழுதித் தொங்கவிட்ட பெரிய தாளைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆ. குமாரசுவாமி முதலியார், சைமன் காசிச்செட்டி, எதிர்மன்னசிங்க முதலியார், சேர் முத்துக்குமாரசுவாமி, பொ. இராமநாதன், அவருடைய தமையன் பொ. குமாரசுவாமி. சிவப்பு மையால் உறவுக்கோடு இழுத்தபோது தகப்பன், மகன், மகள்வழிப் பேரன்மார் இருவர் என நாலு பெயர் ஒரே குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தன. ஆற்றல் இல்லாதவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் தேசாதிபதிக்குத் தெரிந்த வீட்டு வாசல்கள் சிலவே என்பதை அந்தத் தாள் காட்டுகிறது.

1879 தான் எனக்கு முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு மே மாதம் சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். வெற்றிடத்துக்கு அப்புக்காத்து (வழக்கறிஞர்) கிறிஸ்தோபர் பிறிற்றோவின் பெயரும், அப்போது 28 வயதேயான இராமநாதனின் பெயரும் அடிபட்டன. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டி இராமநாதனுக்காகப் பேசினார். நியமனமும் இராமநாதனுக்கே கிடைத்தது. கூட்டம் கூட்டி யார் வேண்டும் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. சனம் அதற்காகக் காத்திருக்கவில்லை. நாவலர் அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.

முஸ்லிம்களும் இனத்தால் தமிழரே என்று இராமநாதன் 1880களில் வாதிட்டதும், 1889 இல் அவர்களுக்குத் தனி ஆசனம் கிடைத்ததும் பற்றிய கூட்டம் சூடாக இருந்தது. அன்றைக்கு வந்தவர்கள் பேசியதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

வந்தவர்கள் என்று சொன்னேன். இந்தத் தொடர் வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்ட அங்கத்தவர்களில் பெரும்பாலோர் நாவலர் பற்றிய எமது கூட்டத்துக்கு வரவில்லை. முன்வரிசைக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. தொலைவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பேச்சாளர் ஒரு குறையும் சொல்லாமல் பேசி முடித்துப் போனார். எனக்கு அது இன்னும் மனவருத்தமாகவே இருக்கிறது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவு செலவு ஏறத்தாழச் சரிக்குச் சரி. மண்டப வாடகையில் ஒரு பகுதி கொடுபடவில்லை. சந்தா நிலுவை இரண்டு ஆண்டுகளைத் தாண்டியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பெயர் வாசிக்கும் வழக்கத்தை நான் தொடங்க விரும்பவில்லை.

தலைவர், பொருளாளர், மண்டபம் தந்தவர்கள், தேநீர் ஏற்பாடு செய்த மாதர் அணியினர் எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில், 1911 டிசம்பரில் படித்த இலங்கையர் ஆசனத்துக்கு நடந்த முதல் தேர்தலையும் அதில் இராமநாதன் வென்றதையும் எடுத்துக்கொள்ள விருப்பம். ஆனால் செயற்குழுவில் மூன்று இடம் வெறுமையாக உள்ளது. தெரிவுக்குப் போதிய அங்கத்தவர்கள் வராவிட்டால் அவற்றைத் தலைவரே நியமிக்க நேரும் என்று வட்டத்தின் யாப்பு விதி சொல்கிறது. இவ்வளவு தூரம் இந்தத் தொடரை நடத்திய வட்டத்தில் அப்படி நடக்கக்கூடாது என்பது என் விருப்பம். நிலுவைச் சந்தாவைக் கட்டியவர்களுக்கே வாக்கு உண்டு. பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வாசலில் இருப்பார்.

செயலாளர்