கௌசிகாவுக்கும் நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொலிவுறு நகரத் திட்டத்தில் கோவை உக்கடம் பெரியகுளம் சீரமைக்கப்பட்டது மகிழ்ச்சியே. ஆனால், குருடிமலையில் தோன்றி வஞ்சிப்பாளையம் அருகே நொய்யலில் கலக்கும் கௌசிகா நதி பல ஊராட்சிகளைக் கடந்து வருவதால், ஓர் ஊராட்சி சீமைக்கருவேலத்தை வெட்டி, தடுப்பணையில் படிந்த வண்டலை அள்ளினாலும், மேலே உள்ள ஊரின் குப்பை அடுத்த மழையிலேயே அங்கு வந்து தேங்கிவிடுகிறது.

திருப்பூரில் 2011-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின், கழிவுநீரை முழுமையாக மறுசுழற்சி செய்யும் முறை நிலைபெற, அரசு தந்த வட்டியில்லாக் கடனும் துணைநின்றது. உத்தரவு மட்டும் போதவில்லை என்பதே உண்மை.

எனவே, நதிக்கரை ஊராட்சிகளுக்குக் கூட்டாக, தூர்வாருவதோடு (அதற்குத்தான் எளிதில் பணம் கிடைக்கிறது!) பராமரிப்புக்கும் சேர்த்து, ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்குமாறு தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அவிநாசி