பாப்பாவுக்கு, குன்னூரிலிருந்து

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். நான்கு நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. ஷிப்டில் இருப்பாய். பக்கத்துக் கட்டில் அம்மாவின் பையன் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்றான். சாப்பிட்டுவிட்டுப் படி.

அம்மா பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மேலே இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து இன்றோடு 19 நாள். மூக்கில் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் குடித்தால் இன்னும் புரை ஏறுகிறது, அதனால் எல்லாமே ராகிக் கூழ் பதத்தில். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, ஒரு ஸ்பூன் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. ஒரு டம்ளர் கூழுக்கு முக்கால் மணி நேரம். ஆகட்டும், எனக்கு வேறு என்ன வேலை.

வலது காலைத் தூக்கி வைக்க ஆரம்பித்திருக்கிறாள். ஊன்றுகோல் இடது கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில் என்று பிசியோதெரபி பெண் சொல்லிக் கொடுக்கிறாள். இங்கே இருப்பது மூன்று படி வைத்த மரப்பெட்டி. நம் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 22 படி, அதுவும் பாசி பிடித்த படி. மாமா பைப் வாங்கிக் கைப்பிடி போட்டுத் தருகிறேன் என்றார். இறங்கும்போது இடது கைக்கு வருகிற மாதிரி போடச் சொன்னேன். ஏறும்போது அது வலது பக்கம் போய்விடுமே என்று நேற்று ராத்திரிதான் உறைத்தது. இரண்டு பக்கமும் வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பயிற்சி கொடுக்க வீட்டுக்கே வருவார்களாம்.

அந்த வலது கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். நீ வந்தால் ஆசையில் கையைப் பிடித்து எழுப்பிவிடுவாய், அதற்காகச் சொல்கிறேன்.

தலை வாரிவிடுவது நான்தான். கல்யாணமாகி 33 வருஷத்தில் அவளுக்கு முடி இவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பின்னல்தான் கைக்கு வரவில்லை.

அன்றைக்கு வீடியோவில் அம்மா உன்னைப் பார்த்து “சீப்பு, சீப்பு” என்றாள். நீ வாயைப் பொத்திக்கொண்டாய், உடனே போன் கட்டாகிவிட்டது. சிக்னல் போயிருக்கும். அன்று காலைதான் பேச்சுப் பயிற்சியில் சீப்பு, சாவி, கரண்டி காட்டிப் பேர் கேட்டிருந்தார்கள். சீப்பு மட்டும் வந்தது. வந்த சொல் போக மாட்டேன் என்று நாக்கிலேயே நின்றுவிட்டது. அன்று முழுக்கத் தண்ணீரும் சீப்பு, நானும் சீப்பு. மூளையின் இடது பக்கம் அடைப்பு வந்ததால் சொல் எடுக்கிற இடம் அடிபட்டிருக்கிறது. ஆளைத் தெரியும். ஞாயிறு என்று நான் எடுத்துக் கொடுத்தால் சனி வரை கடகடவென்று சொல்லிவிடுகிறாள், இன்று என்ன கிழமை என்று தனியாகக் கேட்டால் வராது.

உன்னை அவளுக்குத் தெரிந்தது, பாப்பா. போன் போன பிறகு இடது கையால் தன் கழுத்தைத் தடவித் தடவிக் காட்டினாள். கொசு கடித்ததோ என்று பார்த்தேன், இல்லை என்று தலையாட்டினாள். போனைக் காட்டினாள், மறுபடி கழுத்தைக் காட்டினாள். ராத்திரி படுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நீ பி.பி. பார்த்தாயா? போன மாதமே சொன்னேன். உன் பாட்டிக்கும் இதேதான் வந்தது. உப்பைக் குறை, கருவாட்டைக் குறை. கம்பெனியில் சம்பளம் ஒழுங்காகப் போடுகிறார்களா? நீ அனுப்பிய 40,000 சரியான நேரத்தில் வந்தது. காப்பீட்டு அட்டையில் போனது போக மீதி எல்லாம் அதில்தான் கட்டினேன். என் மகள் அனுப்பியது என்று வார்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் பணம் வந்தது, நீ வரவில்லை. திருப்பூர் என்ன அவ்வளவு தூரமா? பி.பி.யை மறக்காமல் பார்.

அந்தப் பணத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.

அம்மா விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். அம்மா டீ கொண்டுவந்தாள், டம்ளர் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எடுக்க வராமல் விரலால் தரையைத் துழாவினாள். என்னமோ சொன்னாள், வாய் குழறியது. பார்த்துப் பிடிக்க மாட்டாயா என்று அதட்டினேன். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது, அவளே தரையைத் துடைத்தாள். கை மரத்துப்போச்சு என்றாள். குளிர்தான், சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் படு என்றேன். விடியக்காலை ஐந்து மணிக்குக் கட்டிலோரம் விழுந்து கிடந்தாள்.

கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கீழே டாக்டர் கேட்டார். ராத்திரி ஒன்பதுக்குப் படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தாள் என்றேன். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, தாண்டிவிட்டது என்றார். டம்ளரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. போன வாரம் இங்கே ஒருவருக்கு டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார், வாய் குழறிப் பத்து நிமிஷத்தில் சரியானாலும் அப்போதே ஓடிவர வேண்டும் என்று. நான் அம்மா காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. அம்மா என்னையே பார்த்தாள். பேச்சு வந்தால் முதலில் அதைத்தான் சொல்வாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. இப்போது இல்லை. சொல்லட்டும்.

அடகுச் சீட்டு இருந்தால் அதையும் போட்டோ எடுத்து அனுப்பு. வட்டி என்ன, கெடு எப்போது என்று பார்க்கிறேன். தேயிலைப் பணம் வந்ததும் முதலில் அதைத்தான் மீட்க வேண்டும். என் தப்புக்கு நீ வெறுங்கழுத்தோடு நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவது நாலு முதல் ஆறு. மேட்டுப்பாளையத்தில் பழக்கத்தில் கோத்தகிரி பஸ்ஸில் ஏறிவிடாதே, குன்னூர் பஸ் பார்த்து ஏறு. பர்லியாறு பக்கம் மண் சரிந்திருந்தால் மட்டும் கோத்தகிரி சுற்றி வா. ஸ்வெட்டர் எடுத்துக்கொள். அம்மாவுக்குப் பெரிய பல் வைத்த சீப்பு ஒன்று வாங்கி வா. இங்கே இருப்பது முடியைப் பிய்க்கிறது.

அப்பா