பள்ளி லீவுக்கு முன்னால் ஒரு கயிறு: சேலம் மாவட்டக் கிராம சபைகளுக்குத் திறந்த மடல்

சேலம் மாவட்டத்துக் கிராம சபைகளில் கூடும் பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். 1991 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தம்பி எங்கள் ஊர் கல்லுக்குழியில் மூழ்கி இறந்தான். வயது 16. பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். லீவு விட்டால் செவ்வாய்ப்பேட்டைக்கு, கொலுசுப் பட்டறை வேலைக்குப் போய்விடுவான். ஞாயிறு பட்டறை கிடையாது. அதனால்தான் அன்றைக்குக் கூட்டாளிகளோடு குழிக்குப் போனான்.

அவனுக்கு நன்றாக நீச்சல் தெரியும். "நீச்சல் தெரியாத பிள்ளை, பாவம்" என்று இன்றும் ஊரில் பேசுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பாவே பழக்கிவிட்டார். மேட்டிலிருந்து குதித்து அடிமண்ணை அள்ளி வந்து காட்டுவான்.

கூடப் போன பையன் பாசியில் வழுக்கி உள்ளே விழுந்தான். தம்பி குதித்தான். பயத்தில் அந்தப் பையன் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இரண்டு பேரும் முங்கினார்கள். அவன் எப்படியோ பாறை விளிம்பைப் பிடித்து மேலே வந்துவிட்டான். தம்பி வரவில்லை. அந்தப் பையனை ஊர் வெகுநாள் பழித்தது. அநியாயம் அது. மூச்சுக்குத் தவிக்கிறவர் யாராக இருந்தாலும் கைக்கு அகப்பட்டதை இறுகப் பிடிக்கத்தான் செய்வார். எங்கள் வீட்டில் யாருக்கும் அவன்மேல் கோபம் இருந்ததில்லை.

இத்தனை வருஷமாக என்னை விடாத விஷயம் வேறு. கரையில் இன்னும் நான்கு பையன்கள் நின்றார்கள். எல்லோர் இடுப்பிலும் லுங்கி இருந்தது. இரண்டை முடிச்சுப் போட்டு வீசியிருந்தால் போதும். அதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணையில் மூழ்கிய நான்கு பேரில் இரண்டு பேரை மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவே இல்லை.

"அந்தக் குழி வருஷத்துக்கு ஒரு உசுரு கேக்கும்" என்பார்கள் எங்கள் ஊரில். குழி எதையும் கேட்கவில்லை. கல் எடுத்தவர்கள் வேலி போடாமல் விட்டுப் போனார்கள், நாமும் விட்டுவிட்டோம். ஏரிக்கரை சரிவாக இறங்கும். கல்லுக்குழி அப்படி இல்லை, செங்குத்துச் சுவர். காலை வைத்த இடத்திலேயே ஆழம், ஏறி வரப் பிடிமானம் கிடையாது. மேல் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே போனால் கை கால் விறைக்கும் குளிர். கோடை மழை பெய்து மலைத் தண்ணீர் இறங்கினால் போன வாரம் இருந்த மட்டம் இந்த வாரம் இருக்காது. மூழ்குகிறவர்கள் "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள் என நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீரில் இருக்கும்போது கத்துவது எப்படி?

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். கோடை லீவுக்கு முன்னால் தீர்மானம் போட அதுதான் நல்ல சமயம். ஏரி தூர்வாருவதைப் பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: உங்கள் ஊரில் பிள்ளைகள் குளிக்கிற ஒவ்வொரு கிணறு, குட்டை, குவாரிக் குழி ஓரத்திலும் ஒரு கம்பம் நட்டு, அதில் நீளமான நைலான் கயிறும் காற்றடைத்த லாரி ட்யூபும் தொங்க வேண்டும். லாரிக்குப் பேர்போன சங்ககிரி இருக்கிற மாவட்டத்தில் பழைய ட்யூபுக்கா பஞ்சம்? கம்பத்தில் 108, 101 என்று பெரிதாக எழுதுங்கள். கைவிட்ட குழிகளுக்கு வேலி கேட்டுக் கனிமவளத் துறைக்கு மனு அனுப்புங்கள். அது வரும் வரை முள்ளையாவது வெட்டிப் போடுங்கள்.

தீயணைப்பு நிலையத்தாரை ஒரு நாள் அழைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள்: குதிக்காதே, வீசு, தரையில் படுத்துக்கொண்டு இழு. தூக்கியதும் என்ன செய்வது என்பதையும் சேர்த்துத்தான். என் தம்பியைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார்கள், வயிற்றை அமுக்கினார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்தியிருக்க வேண்டும். அங்கிருந்த ஒருவருக்கும் அது தெரியாது.

கயிறு காணாமல் போகும், மாட்டுக்குக் கட்ட யாராவது அவிழ்த்துப் போவார்கள் என்பீர்கள். போகும்தான். மறுபடி கட்டுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து வர ஒரு ஆளின் பெயரைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். எங்கள் ஊர்க் குழிக்குக் கயிறும் ட்யூபும் ஒவ்வொரு வருஷமும் நான் வாங்கித் தருகிறேன். கம்பத்துக்கு இடமும் அந்த ஆளின் பெயரும் மட்டும் சபை சொல்லட்டும்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து அக்கா ஒருத்தி