புரை எடுத்த எண்ணிக்கை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் கண்புரை அறுவை பற்றிய செய்திகளில் எத்தனை கண்களுக்கு அறுவை நடந்தது என்பது தவறாமல் இருக்கும். அந்தப் பிள்ளைகள் பள்ளி வயதில் கரும்பலகையைப் படிக்கிறார்களா என்பது இருக்காது. அதைச் சொல்ல வேண்டியது அறுவை சிகிச்சைப் பதிவேடு. ஆனால் அந்தப் பெயரில் பல இடங்களில் இருப்பது அறுவை அரங்கின் நாட்குறிப்புதான்.

பெரியவர்களுக்குப் புரை எடுத்தால் ஓரிரு மாதத்தில் பலன் தெரிந்துவிடும். கைக்குழந்தையின் கண்ணோ பிறக்கும்போது சுமார் 17 மி.மீ. நீளம், வளர்ந்து 23 மி.மீ. ஆகும்வரை கண்ணாடியின் பவர் மாறிக்கொண்டே போகும். ஒரு கண்ணில் மட்டும் புரை என்றால், அந்தக் கண்ணைப் பார்க்கப் பழக்குவதற்காக நல்ல கண்ணை மறைத்துக் கட்டுவது வருடக்கணக்கில் நீளும். கண் அழுத்த நோய் பல ஆண்டு கழித்தும் தலைகாட்டும். சுவீடனும் டென்மார்க்கும் 'பெக்கேர்' என்ற கூட்டுப் பதிவேட்டில் இந்தப் பிள்ளைகளைத் தொடர்கின்றன.

பதிவேட்டில் குழந்தைக்கு ஒரு வரி போதாது, கண்ணுக்கு ஒரு வரி வேண்டும். பிறந்த தேதி, புரை கண்டறிந்த தேதி, அறுவைத் தேதி மூன்றும் தனித்தனியே வேண்டும். அடர்ந்த பிறவிப் புரை ஒரு கண்ணில் என்றால் 6 வாரத்துக்குள்ளும், இரு கண்ணிலும் என்றால் 8 வாரத்துக்குள்ளும் எடுப்பது நல்லது. முதல் 4 வாரத்திலேயே எடுத்தால் கண் அழுத்த நோய்க்கு வாய்ப்பு கூடுகிறது. 'வயது 2 மாதம்' என்று எழுதிவிட்டால் இதையெல்லாம் பிரித்துப் பார்க்கவே முடியாது. கருவிழியின் அகலம், கண்ணின் நீளம், வைத்த லென்ஸின் பவர் ஆகியவையும் தேவை. கண் லென்ஸைச் சுற்றியுள்ள உறையின் பின்பக்கத்தைத் திறந்தார்களா என்பதும் வேண்டும். சிறு குழந்தைக்கு அதை அப்படியே விட்டால் மீண்டும் மங்கிப்போகும்.

பார்வை அளவை எழுதும்போது எந்த முறையில் அளந்தார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோடு போட்ட அட்டை காட்டி அளந்தால், சோம்பேறிக் கண்ணின் (சிறு வயதில் சரியாகப் பழகாததால் பார்வை குறைந்த கண்ணின்) பார்வை எழுத்துப் பலகையில் கிடைப்பதைவிட நன்றாக இருப்பதுபோல் தோன்றும். இரண்டையும் ஒரே பத்தியில் கொட்டிச் சராசரி எடுப்பது வீண் வேலை. இன்னொன்று, கண் அழுத்தக் கட்டம் காலியாக இருந்தால் என்ன பொருள்? அழுத்தம் சரியாக இருந்ததா, குழந்தை அழுததால் பார்க்கவே இல்லையா? 'பார்க்கவில்லை' என்பதற்குத் தனிக் குறி இல்லாவிட்டால் காலிக் கட்டமெல்லாம் 'நோய் இல்லை' என்று எண்ணப்பட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது மறுபரிசோதனைக்கு வராத பிள்ளைகளை மறப்பது. 100 பேருக்கு அறுவை நடந்து, ஐந்தாம் ஆண்டில் 60 பேர் வந்து, அவர்களில் 45 பேருக்குப் பார்வை நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் 75 சதவீத வெற்றி என்று வரும். வராத 40 பேரின் நிலை தெரியாததால், உண்மை 45-க்கும் 85-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். வராதவர் எண்ணிக்கையை முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

மருத்துவமனைகளை ஒப்பிடும்போது நிதானமும் தேவை. சிறிய கருவிழி, வேறு உடல் குறைபாடு, தாமதமாகக் காட்ட வந்த புரை என்று கடினமான கண்களை ஏற்கும் இடத்தின் முடிவு சுமாராகத்தான் இருக்கும். வயதையும் புரையின் வகையையும் பிரிக்காமல் தரவரிசை போட்டால், அப்படிப்பட்ட பிள்ளைகளை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடத்தான் தூண்டும்.

பதிவேட்டுக்கு மென்பொருள் வாங்குகிறவர்கள், மறுபரிசோதனைக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேச ஓர் ஊழியரையும் நியமிக்கட்டும். அறுவை நாளன்றே பெற்றோர் எண்ணோடு உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வைத்தால் அந்த ஊழியரின் வேலை பாதியாகும்.

இப்படிக்கு,
குழந்தைகள் கண் நலத் துறை வாசகர்கள்