லேபிள் வேண்டாம், ஸ்டாம்ப் ஒட்டு

மாப்ளே,

உன் பார்சல் வந்து சேர்ந்தது. சாக்லேட்டைப் பிள்ளைகள் அன்றைக்கே காலி செய்துவிட்டார்கள். நான் முதலில் தேடியது ஸ்டாம்பைத்தான். ஒன்றுகூட இல்லை, கம்ப்யூட்டரில் அடித்த வெள்ளை லேபிள் ஒன்றுதான். 1840இல் உலகத்துக்கே முதல் ஸ்டாம்பை ஒட்டிக் காட்டிய பிரிட்டனில் இருந்துகொண்டு இப்படி அனுப்பினால் உன்னை என்னவென்று திட்டுவது?

சரி, இங்கேயும் அதே கதைதான். கவுன்டரில் எடை போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார்கள். போன மாதம் என்னோடு ஸ்டாம்ப் மாற்றிக்கொள்ளும் பின்லாந்துக்காரருக்கு அனுப்பும்போது ஸ்டாம்ப்தான் வேண்டும் என்று மல்லுக்கட்டி வாங்கி, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக ஒட்டி நீட்டினால், முத்திரை குத்த வேண்டிய ஆசாமி பால்பாயின்ட் பேனாவை எடுத்து எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். வயிறு எரிந்தது. பேனா பட்டதை எவன் ஆல்பத்தில் வைப்பான்?

மடிப்புக் கலையாத புது ஸ்டாம்ப் மேல் எனக்கு இப்போது ஆசையே இல்லை. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். மூலையில் ஊர்ப்பெயரும் தேதியும் வளைவாக விழுந்து, நிஜமாகவே ஒரு கடிதத்தோடு வந்ததாக இருக்க வேண்டும். டென்மார்க்கிலிருந்து வந்தவற்றை அப்படித்தான் சேர்த்தேன், இனி அங்கிருந்து வருமா தெரியவில்லை. அங்கே அரசுத் தபால் நிறுவனம் 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது, தெருவில் நின்ற 1500 சிவப்புப் பெட்டிகளையும் கழற்றிவிட்டார்கள். இனி கடிதம் தனியார் கையில். 1851இலிருந்து ஸ்டாம்ப் போட்ட நாடு! அமெரிக்காவுக்கும் 2025 ஆகஸ்டில் சுங்கத் தகராறில் நம் தபால் நின்று, அக்டோபர் நடுவில்தான் மறுபடி போனது. அதுவரை அந்த ஊர்க்காரருக்கான கவர் என் மேஜையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஊற வைக்கிறேன். தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், கால் மணி நேரத்தில் ஸ்டாம்ப் தானாக நழுவும், பின்பக்கத்துக் கோந்தை விரலால் லேசாக வழித்துவிட்டுப் பழைய தினத்தாளில் குப்புறப் போட வேண்டும். பாதி காயும்போது சுருளும், அப்போது தடி அகராதிக்கு அடியில் வைத்தால் படிந்துவிடும். சிவப்பு, காவி உறைகளை மட்டும் தனியாக ஊறப் போடுவேன், சாயம் இறங்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் உங்கள் ஊர் ஸ்டாம்புகளிடம் இந்த வித்தை எதுவும் பலிக்காது. எவ்வளவு ஊறினாலும் பிரியாது, அதனால் சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி அப்படியே வைத்துவிடுகிறேன்.

2022இல் அங்கே பார்கோடு ஸ்டாம்ப் வந்ததும், பார்கோடு இல்லாத சாதாரண ராணித்தலை ஸ்டாம்புகள் அடுத்த வருஷம் ஜூலையோடு செல்லாமல் போனதும் உனக்குத் தெரிந்திருக்கும். படம் போட்ட சிறப்பு வெளியீடுகள் அப்படி இல்லை, பார்கோடு இல்லாவிட்டாலும் செல்லும். அடுத்த முறை அதில் நாலைந்தை ஒட்டு. லேபிளைக் காட்டினால் வேண்டாம் என்று சொல். கவுன்டரில் கையால் முத்திரை குத்தச் சொல்லிக் கேள், கெஞ்ச வேண்டியிருந்தால் கெஞ்சு.

அப்புறம், அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? உன் பழைய ஆல்பம் ஊர் வீட்டுப் பரணில்தானே கிடக்கிறது, கரையான் தின்பதற்குள் நான் போய் எடுத்துக்கொள்ளட்டுமா? அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வை.