யானை "அட்டகாசம்"னு போடாதீங்க, காட்டுக்குள்ள என்ன இருக்குன்னு போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகா சேரம்பாடி பக்கத்துல இருந்து எழுதுறேன். கேரளா பார்டர் இங்கிருந்து பக்கம்தான், ரோட்டுல நின்னா கூடலூர் பஸ்ஸும் வரும் வயநாட்டு சுல்தான் பத்தேரி பஸ்ஸும் வரும், எது முன்னாடி வருதோ அந்த ஊருல போய் சாமான் வாங்கிட்டு வர்ற ஆளுங்க நாங்க. வீட்டுல எங்கப்பா காலத்துல இருந்து உங்க பேப்பர்தான்.

போன வாரம் எங்க பக்கத்து நியூஸ் ஒண்ணு போட்டிருந்தீங்க, "ஊருக்குள் புகுந்து காட்டு யானை அட்டகாசம்"னு தலைப்பு. நடந்தது உண்மைதான். நேந்திரவாழை வரிசை வரிசையா சாஞ்சு கிடந்துச்சு, ஒரு வீட்டு சமையக்கட்டு சுவரு போச்சு, அந்த வீட்டு பாட்டி விடியிற வரைக்கும் பேரப்புள்ள வாயப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில கெடந்திருக்காங்க. காலையில நானே போய் பாத்தேன். அதனால டவுன்ல உக்காந்துக்கிட்டு யானை பாவம், எல்லாம் மனுசன் பண்ற வேலைன்னு சொல்றவங்க மாதிரி நான் எழுதல. ராத்திரி வெளிய இருக்கிற பாத்ரூமுக்கு டார்ச்சோட ரெண்டு பேரா போற வீடு எங்க வீடு. ஆனா அந்த "அட்டகாசம்"ங்கிற வார்த்தை வருஷக்கணக்கா மனச உறுத்திக்கிட்டே இருக்கு, இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா போனா மன்னிக்கணும்.

அரிசி ராஜாவ உங்களுக்கு ஞாபகம் இருக்கும், உங்க பேப்பர்லயே நிறைய தடவை வந்துச்சு. வனத்துறை வெச்ச பேரு பிஎம்2, பந்தலூர் மக்னா 2. தந்தம் இல்லாத ஆம்பள யானை. வீட்டு சுவத்த ஒடச்சு அரிசிய மட்டும் எடுத்து தின்னும், அதனால ஜனங்க வெச்ச பேரு அரிசி ராஜா. 2022 கடைசியில தேவாலா பக்கம் ஒரு அம்மா அதுகிட்ட மாட்டி செத்துப் போனாங்க, அப்புறம் மயக்க ஊசி போட்டு புடிச்சு கழுத்துல ரேடியோ காலர் மாட்டி முதுமலை காட்டுக்குள்ள விட்டாங்க. ஒரு மாசம் கூட ஆகல, 2023 ஜனவரியில ராத்திரி நேரத்துல பத்தேரி டவுன் மெயின் ரோட்டுல நடந்து போகுது, ரோட்டுல போன ஒருத்தர அடிச்சிருச்சு. கேரளா வனத்துறை புடிச்சு வயநாட்டுல இருக்கிற முத்தங்கா யானை கேம்ப்புக்கு கொண்டு போனாங்க. அன்னைக்கு இந்தப் பக்கம் "அப்பாடா, அவங்க தலையில போச்சு"ன்னு சொன்னவங்களும் இருந்தாங்க, அந்தப் பக்கம் "தமிழ்நாட்டு யானைய எங்க ஊருக்கு தள்ளி விட்டுட்டாங்க"ன்னு கத்தினவங்களும் இருந்தாங்க. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு எல்லாம் ஒட்டிக்கிட்டு கெடக்கிற ஒரே காடுங்க, அதுல தமிழ்நாட்டு யானை எது கேரளா யானை எது?

நான் அப்போ யோசிச்சது வேற. 688 சதுர கிலோமீட்டர் முதுமலை, அதுல கொண்டு போய் விட்ட யானை ஏன் அங்க நிக்காம அரிசிய தேடி ஊருக்கு வந்துச்சு? ஒருக்கா அரிசி ருசி கண்ட யானை விடாதுன்னு சொல்லுவாங்க, அது ஒரு காரணம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அத மட்டும் சொல்லி முடிச்சிட முடியாது.

எங்க ஊருக்கு மேல காட்டுநாயக்கர்ங்கிற ஆதிவாசி ஜனங்களோட குடியிருப்பு ஒண்ணு இருக்கு, ஒத்தையடி பாதைதான். அங்க தேன் எடுக்கிற அண்ணன் ஒருத்தர் எனக்கு பள்ளிக்கூட காலத்துல இருந்து பழக்கம். போன வருஷம் மழைக்கு முன்னாடி அவருகூட நடந்து போனேன். பாதி வழியில நின்னு, "தம்பி, இங்கிருந்து அந்த ஓடை வரைக்கும் யானை திங்கிறதுக்கு என்ன இருக்கு, நீயே எண்ணு"ன்னு சொன்னாரு. பாத்தா எல்லாம் பச்சைதான், கண்ணு குளிர பச்சை. அவரே விரல் விட்டு எண்ணி காமிச்சாரு. ஒரு மூங்கில் புதர், அதுவும் பாதி காஞ்சது. ரெண்டு மூணு மருது. ஓடையோரம் கொஞ்சம் புல்லு. மத்ததெல்லாம் உண்ணிச்செடி, இங்கிலீஷ்ல லாண்டனான்னு சொல்லுவாங்களே அது. ஆள் ஒசரத்துக்கு மேல வளந்து, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, ரோஸும் மஞ்சளும் கலந்த குட்டி குட்டி பூவோட பாக்க அழகாத்தான் இருக்கு. கையால வெலக்கினா முள்ளு கீறி ரத்தம் வருது, எலையோட அந்த காட்டமான வாடை துவைச்சாலும் சட்டைய விட்டு போகாது. குனிஞ்சு அடியில பாத்தேன், வெறும் மண்ணு, ஒரு புல்லு கெடையாது. ஆடு மாடே அத தின்னா நோவு வந்து படுத்துக்கும், காட்டு மிருகம் எத திங்கும்?

இன்னொண்ணும் அவரு சொன்னாரு. "முன்னாடியெல்லாம் யானை நின்னா அம்பது அடிக்கு முன்னாடியே தெரியும், ஒதுங்கி போயிடுவோம். இப்ப பத்தடியில நின்னாலும் இந்த புதர் மறைக்குது, அதுக்கும் நம்மள தெரியாது நமக்கும் அத தெரியாது, திடீர்னு பாத்தா ரெண்டு பேருக்குமே பயம்தான்." இந்தியாவுல வருஷத்துக்கு ஏறக்குறைய ஐநூறு பேரு யானைகிட்ட மாட்டி சாகுறாங்க, அதுல எத்தன பேரு இப்படி புதர் மறைச்சு செத்தாங்கன்னு யாராவது ஒரு தடவையாவது எழுதியிருக்கீங்களா ஐயா?

இந்த உண்ணிச்செடி நம்ம ஊரு செடியே கெடையாது. வெள்ளக்காரன் தென் அமெரிக்கா பக்கத்துல இருந்து அழகுச் செடியா பங்களா தோட்டத்துக்கு கொண்டு வந்தது, இருநூறு வருஷம் ஆச்சு. பழத்த குருவி தின்னு காடு பூரா வெதச்சிருச்சு. இந்திய வனஉயிரின நிறுவனத்து ஆய்வாளருங்க 2020ல சொன்ன கணக்குப்படி நாட்டுல புலி இருக்கிற காட்டுல 40 சதவீதத்துக்கு மேல, 1,54,000 சதுர கிலோமீட்டர்ல இது பரவியிருக்கு. தமிழ்நாடு மொத்தமே 1,30,000 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான்.

இது போதாதுன்னு சென்னா மரம். வயநாட்டுக்காரங்க மஞ்சக்கொன்னன்னு சொல்லுவாங்க. இதுவும் அமெரிக்கா பக்கத்து மரம்தான், நெழலுக்கும் அழகுக்கும்னு நட்டது, இப்ப முத்தங்கா வழியா மைசூர் போற ரோட்டுல பூ சீசன்ல போனா ரெண்டு பக்கமும் தங்கம் கொட்டுன மாதிரி இருக்கும், டூரிஸ்ட் எல்லாம் வண்டிய நிறுத்தி போட்டோ எடுக்கிறாங்க. அந்த மரத்துக்கு அடியிலயும் புல்லு வராது. வெட்டினா அடிமரத்துல இருந்து பத்து கெள துளுக்கும். இது போக கம்யூனிஸ்ட் பச்சைன்னு சொல்ற களைச்செடி, பார்த்தீனியம், வெள்ளக்காரன் காலத்துல இருந்து காட்ட அழிச்சு நட்ட தேக்கு. தேயிலையையும் சேத்துத்தான் சொல்லணும், அத மறைக்க மாட்டேன். சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களது, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க, எங்கப்பா கொழுந்து கூடை சுமந்த மலை அதுக்கு முன்னாடி யானை நடந்த மலைதான். அந்த தேயிலையிலதான் நான் படிச்சேன். அதனால காட்ட பத்தி பேச எனக்கு கடமை இருக்குன்னு நெனைக்கிறேன்.

வளர்ந்த யானை ஒண்ணு ஒரு நாளைக்கு நூத்தம்பது கிலோ தீனி தேடணும். 2024 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல மட்டும் 3,063 யானை. அது எல்லாத்துக்கும் இந்த உண்ணிப் புதருக்குள்ள தீனி எங்க இருக்கு? கீழ எங்க ஊருல பலா பழுத்து வாசம் வருது, வாழை நிக்குது, வீட்டுல அரிசி இருக்கு.

நாட்டுல காடு கூடிக்கிட்டே இருக்குன்னு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ரிப்போர்ட் வரும், நீங்களும் முதல் பக்கத்துல போடுவீங்க. 2023 ரிப்போர்ட்ல காடும் மரமும் சேத்து நாட்டு பரப்புல 25.17 சதவீதம்னு இருந்துச்சு. அது எப்படி எண்ணுறாங்கன்னா, ஒரு ஹெக்டேருக்கு மேல எடம் இருந்து அதுல 10 சதவீதத்துக்கு மேல மரத்து நெழல் இருந்தா அது காடு, அவ்வளவுதான். தேக்குத் தோட்டமும் காடு, தோப்பும் காடு. சாட்டிலைட்டுக்கு பச்சை தெரியும், அதுக்கு அடியில புல்லு இருக்கா முள்ளு இருக்கான்னு அதுக்கு எப்படி தெரியும்? உலக நிலத்துல 2.4 சதவீதம்தான் நம்ம நாடு, ஆனா கண்டுபிடிச்ச உயிரினத்துல 7, 8 சதவீதம் இங்க இருக்கு, ஆசிய யானையில பாதிக்கு மேல இங்கதான் இருக்கு. அத்தனையும் இந்த பச்சை கணக்க நம்பி உயிர் வாழ முடியாது. கிரேட் நிக்கோபார் தீவுல துறைமுகம், ஏர்போர்ட், டவுன்ஷிப்னு 130 சதுர கிலோமீட்டர் காட்ட எடுக்கப் போறாங்க, அரசாங்கமே சொன்ன கணக்கு 9 லட்சத்து 64 ஆயிரம் மரம். அதுக்கு ஈடா மரம் நடுறது எங்க தெரியுமா, ஹரியானாவுல. நிக்கோபார் கடக்கரையில முட்டையிட வர்ற ஆமை ஹரியானாவுக்கு போகுமா? படிச்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடு எறங்கல.

எது காடுங்கிற கேள்விக்கும் எங்க கூடலூருக்கும் பெரிய சம்பந்தம் உண்டு, உங்க இளைய வாசகருங்களுக்கு தெரியாம இருக்கலாம். கூடலூர் காட்டுல மரம் வெட்டுறத நிறுத்தணும்னு நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995ல சுப்ரீம் கோர்ட்டுக்கு போனாரு. அந்த கேஸ்லதான் 1996 டிசம்பர் 12ஆம் தேதி, யாரு பேருல இருந்தாலும் சரி, அகராதி அர்த்தப்படி காடா இருந்தா அது காடுதான்னு உத்தரவு வந்துச்சு. நாடு பூரா எத்தனையோ காடு தப்பிச்சது அதனாலதான். 2023ல சட்டத்த திருத்தி அந்த அர்த்தத்த சுருக்கப் பாத்தாங்க, அடுத்த வருஷம் பிப்ரவரியில கோர்ட்டு தலையிட்டு இப்போதைக்கு பழைய அர்த்தத்தையே பின்பத்தணும்னு சொல்லியிருக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த செடிய எடுக்க முடியும், என் கண்ணால பாத்திருக்கேன். முதல்ல தப்பா எடுத்ததையும் பாத்தேன். எங்க பக்கம் ஒரு எடத்துல காண்ட்ராக்ட் எடுத்தவங்க மெஷின் வெச்சு தரையோட அறுத்து தள்ளிட்டு பில்லு வாங்கிட்டு போயிட்டாங்க, ரெண்டு மழை பெஞ்சதும் முன்னாடி இருந்தத விட அடர்த்தியா வந்துச்சு. அதுக்கு கொஞ்சம் தள்ளி ஆதிவாசி ஆளுங்கள வெச்சு வேற மாதிரி பண்ணாங்க. கடப்பாறையால செடியோட கழுத்த, அதாவது தண்டும் வேரும் சேர்ற எடத்த, மண்ணுக்கு நாலு விரக்கடை கீழ வெட்டி, செடிய அப்படியே தலைகீழா திருப்பி வேரு வானத்த பாக்கிற மாதிரி வெச்சிட்டு போனாங்க. மண்ணு அதிகம் கெளறல. திரும்ப மொளைக்கிற குருத்த ஒவ்வொரு மழைக்கும் போய் கையால புடுங்குனாங்க, மூணு வருஷம். முதல் வருஷம் ஒண்ணும் பெருசா தெரியல. ரெண்டாவது வருஷம் புல்லு வந்துச்சு. அப்புறம் மான் புழுக்கை. மூணாவது மழைக்கு அப்புறம் அந்த அண்ணன் என்ன கூப்பிட்டு காமிச்சாரு, யானை லத்தி, ஆறிப்போன பழசு இல்ல, காலையில போட்டது. கால்ல தள்ளி பாத்தாரு, புல்லும் மரப்பட்டையும்தான் இருந்துச்சு. எங்க ஊருக்குள்ள போடுற லத்தியில நான் பால் பாக்கெட் கவரு, உப்பு பாக்கெட் எல்லாம் பாத்திருக்கேன் ஐயா.

சென்னாவுக்கும் வழி இருக்கு, அடிமரத்து பட்டைய சுத்தி உரிச்சு நின்ன வாக்குல காய வெக்கணும், சின்ன கன்னுங்கள வேரோட புடுங்கணும், முதுமலையில வெட்டி பேப்பர் மில்லுக்கு கூழுக்கும் அனுப்புறாங்க. 2022ல தமிழ்நாடு அரசு இந்த அந்நியச் செடிங்கள அகத்த ஒரு கொள்கையே போட்டிருக்கு. நல்ல விஷயம், மனசார பாராட்டுறேன். எங்க கூடலூர் பக்கத்து ஆதிவாசி ஆளுங்க உண்ணிக்குச்சியில முழு ஒசர யானைங்க செஞ்சு 2021ல லண்டன் பார்க்குல நிறுத்தினாங்க, அத்தன கைவேலை தெரிஞ்ச ஜனம் இங்க இருக்கு. ஆனா வேலை நடக்கிற வேகம் போதாது. ஒரு பக்கம் ஏக்கர் கணக்குல எடுக்கிறோம், இன்னொரு பக்கம் அது ஊர் கணக்குல பரவுது. ஒரு வருஷம் பணம் வரும், அடுத்த வருஷம் வராது, நடுவுல விட்டா மொத்த வேலையும் வீண். கேரளாவும் கர்நாடகாவும் நம்மளும் ஒரே நேரத்துல ஒரே முறையில எடுத்தாத்தான் இதுக்கு விடிவு, வெத பார்டர் பாத்து விழாது. எந்த செடிய எங்க எடுக்கணும், எந்த புல்லு எங்க தானா வரும்னு அங்கேயே பொறந்து வளந்த ஆதிவாசி ஜனங்ககிட்ட கேட்டு, அவங்களுக்கே வருஷம் முழுக்க கூலி வர்ற வேலையா இத குடுக்கணும். அகழிக்கும் சோலார் வேலிக்கும் பணம் ஒதுக்குறப்போ இதுக்கும் ஒரு பங்கு தொடர்ந்து பத்து வருஷத்துக்கு ஒதுக்குங்கன்னு நீங்க தலையங்கம் எழுதணும்.

அடுத்த தடவை யானை நியூஸ் வர்றப்போ வாழை எத்தனை போச்சுன்னு போடுங்க, நஷ்ட ஈடு வந்துச்சா வரலையான்னும் போடுங்க, அந்த பாட்டி மாதிரி ஆளுங்களுக்கு அது ரொம்ப முக்கியம். கூடவே அந்த யானை வந்த காட்டுல என்ன செடி நிக்குதுன்னு ரெண்டு வரி சேத்து போடுங்க. உங்க நிருபர் தம்பிய இந்த தென்மேற்கு மழை விட்டதும் அனுப்பி வைங்க, குடியிருப்புக்கு போற அந்த பாதையிலயே ரெண்டு எடத்தையும் காமிக்கலாம், உண்ணி மூடுன எடமும் உண்ணி எடுத்த எடமும் அர மணி நேர நடைதான். சேரம்பாடி பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னா நான் வந்து கூட்டிக்கிறேன். முழுக்கால் பேண்ட் போட்டுட்டு வர சொல்லுங்க, அட்டை அதிகம், கொஞ்சம் மூக்குப்பொடியும் தேங்காண்ணையும் நான் எடுத்துட்டு வர்றேன்.

இப்படிக்கு,
சேரம்பாடி வாசகர் ஒருவர்