ரோமில் நடக்கப் போகும் மாணவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்களை ரோமுக்கு அழைத்துச் செல்பவர்கள் விமான டிக்கெட்டில் காட்டும் அக்கறையில் பாதியைக் காலணியில் காட்டலாம். பழைய தெருக்களில் பாவியிருப்பவை 'சாம்பியெத்ரினி' என்னும் சிறு கருங்கற்கள். குதிகால் இடுக்கில் மாட்டும். மழை பட்டால் வழுக்கும். புது ஷூ கூடவே கூடாது, மதியத்துக்குள் கொப்புளம் நிச்சயம். கொலோசியத்திலிருந்து வெனிசியா சதுக்கம், பாந்தியன் என்னும் பழங்காலக் கோயில் வழியாக நவோனா சதுக்கம் வரை மூன்று கிலோமீட்டர்கூட வராது, பஸ் எதற்கு?

கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகிறது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் இனிஷியல் குழப்பம் வாசலில்தான் வெடிக்கும். முன்பதிவின்போதே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டாம். தெருவெங்கும் 'நசோனி' என்னும் வார்ப்பிரும்புக் குழாய்கள். பெயருக்குப் பொருள் பெரிய மூக்கு. வளைந்த மூக்கின் வாயை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துளையில் தண்ணீர் பீறிடும். குனியாமல் குடிக்கலாம்.

ஸ்பானியப் படிகள் என்னும் பெரிய படிக்கட்டில் கால் ஆற உட்காராதீர்கள். 2019 முதல் அபராதம். புனித பேதுரு பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். பையில் ஒரு துப்பட்டா போதும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி